டிராகன் காமிக்ஸ் பொண்ணுக்கா அப்பாவுக்கா: ஒரு நீளமான பதில்

கேள்வி சுருக்கமா இதுதான்: "எனக்கு வயசு நாப்பதைத் தாண்டிடுச்சு, நாலாவது படிக்கிற பொண்ணுக்குன்னு டிராகன், இளவரசி, பேசற பூச்சி எல்லாம் வர்ற காமிக்ஸ் வாங்கினேன், இப்ப அவ தூங்கினப்புறம் நான்தான் அதைப் படிச்சிட்டிருக்கேன், ஒரே புத்தகம் ரெண்டு பேருக்கும் எப்படிப் பிடிக்குது, எனக்குத்தான் ஏதாவது கோளாறா?"

கோளாறு எல்லாம் ஒண்ணும் இல்லங்க. ஆனா இதுக்கு வழக்கமா ரெண்டு பதில் சொல்வாங்க, ரெண்டுமே எனக்கு ஒத்து வராது. ஒண்ணு, "நமக்குள்ள ஒரு குழந்தை இருக்கு" டைப். அதைச் சொல்லிட்டா அதுக்கு மேல பேச ஒண்ணும் இருக்காது. இன்னொண்ணு, "நல்ல கதையில ரெண்டு லேயர் இருக்கும், மேல குழந்தைக்கு, கீழ பெரியவங்களுக்கு"ன்னு. அனிமேஷன் படங்கள்ல இதைத்தான் பண்றாங்க, குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கறப்ப நடுவுல அப்பா அம்மாவுக்கு மட்டும் புரியற மாதிரி ஒரு ஜோக்கைச் சொருகிடுவாங்க. அது வியாபார புத்தி, தப்புன்னு சொல்லல, ஆனா அந்த மாதிரி படத்தை நீங்க ராத்திரி தனியா உக்காந்து ரெண்டாவது தடவ பாக்க மாட்டீங்க. நீங்க சொல்ற பிடிப்பு வேற. இந்த வகையில உண்மையிலேயே நல்லா வந்த காமிக்ஸ் எதை எடுத்தாலும், அது குழந்தைங்களுக்குன்னு குனிஞ்சு எழுதினதா இருக்காது. அதனாலதான் குழந்தைங்களுக்கும் அது பிடிக்குது. இதை ஒரு உதாரணத்தை வெச்சு சொன்னாத்தான் சரியா வரும், எனக்கு நல்லாத் தெரிஞ்ச உதாரணம் 'போன்'. செல்ஃபோன் இல்ல, எலும்பு போன்.

இதை எழுதி வரைஞ்சவர் ஜெஃப் ஸ்மித், அமெரிக்காவுல ஓஹையோ மாநிலம், கொலம்பஸ் ஊர்ல வளந்தவர். வெள்ளையா, குண்டு மூக்கோட, மொழுமொழுன்னு இருக்கற கதாநாயகனோட உருவத்தை அவர் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச வயசுலயே கிறுக்கியிருக்கார். காலேஜ் படிக்கறப்ப மாணவர் பத்திரிகையில இதே ஆளுங்களை வெச்சு காமிக்ஸ் ஸ்ட்ரிப் போட்டார், அப்புறம் கொஞ்ச வருஷம் அனிமேஷன் ஸ்டுடியோ வெச்சு நடத்தினார், 1991 ஜூலையில சொந்தக் காசுல சொந்தக் கம்பெனி பேருல முதல் இதழைக் கொண்டுவந்தார். வியாபாரப் பக்கத்தைப் பாத்துக்கிட்டது அவர் மனைவி விஜயா ஐயர், சிலிக்கான் வேலி வேலையை விட்டுட்டு வந்து பிரிண்டிங், விநியோகம், கணக்கு எல்லாத்தையும் கையில எடுத்தவங்க (ஒரு ஆள் வரைஞ்சுக்கிட்டே இருக்கணும்னா இன்னொரு ஆள் எத்தனை வேலை பாக்கணும்ங்கறது தனி சப்ஜெக்ட்). 2004ல கதை முடிஞ்சப்ப மொத்தம் 55 இதழ், 1300 பக்கத்துக்கு மேல, எல்லாம் கறுப்பு வெள்ளை.

இப்ப 1991ங்கற வருஷத்தைக் கொஞ்சம் கவனிங்க. அதே வருஷம்தான் எக்ஸ்-மென்ங்கற சூப்பர்ஹீரோ காமிக்ஸ் புது வரிசையோட முதல் இதழ் 80 லட்சம் பிரதிக்கு மேல கடைகளுக்குப் போச்சு. காமிக்ஸ்னா அப்ப அங்க பெட்டிக்கடை சமாச்சாரம் இல்ல, காமிக்ஸுக்குன்னே தனிக் கடைங்க, உள்ள வர்றவங்கள்ல பெரும்பாலும் இளைஞர்களும் பெரிய ஆம்பளைங்களும், சதை முறுக்கற சூப்பர்ஹீரோவைத் தேடி வர்றவங்க. அந்தக் கடையிலதான் 'போன்' வித்துச்சு. அதாவது முதல் பத்துப் பன்னிரெண்டு வருஷம் இதை இதழ் இதழா காத்திருந்து வாங்கினவங்கள்ல பெரியவங்கதான் அதிகம். குழந்தைங்க நூலகம் வழியாத்தான் பெரிய அளவுல உள்ள வந்தாங்க. நூலகர்கள் தொகுப்புகளை வாங்கி ஷெல்ஃப்ல வெச்சாங்க, பசங்க எடுத்துட்டுப் போய் திருப்பித் தராம அடம் பிடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் ஸ்காலஸ்டிக் பதிப்பகம் முழிச்சுக்கிச்சு, 2005ல கிராஃபிக்ஸ்னு பசங்களுக்கான ஒரு புது பிரிவே ஆரம்பிச்சு, ஸ்டீவ் ஹமேக்கர் கலர் பண்ண 'போன்'தான் அதுல முதல் புத்தகம். ஆக, நீங்க உங்க பொண்ணு புத்தகத்தைத் திருடிப் படிக்கறீங்கன்னு நினைக்க வேண்டாம், வரலாற்றுப்படி பாத்தா அவதான் உங்க புத்தகத்தை எடுத்துட்டுப் போயிருக்கா.

ஸ்மித்துக்கு எங்கேர்ந்து இது வந்துச்சுன்னா, சின்ன வயசுல கார்ல் பார்க்ஸ் வரைஞ்ச அங்கிள் ஸ்க்ரூஜ் வாத்துக் கதைங்களைப் படிச்சு வளந்தவர் அவர். அந்த வாத்துங்க புதையல் தேடி மலை ஏறும், பாலைவனம் போகும், அது எல்லாம் சில பத்துப் பக்கத்துல முடிஞ்சிடும். இவருக்கு அதே மாதிரி ஆளுங்க, ஆனா ஒரு தடிமனான நாவல் அளவுக்கு ஒரு பயணம் வேணும்னு ஆசை. யாரும் எழுதித் தரல, தானே உக்காந்து எழுதினார். இவர் மனசுல "எட்டுலேர்ந்து பன்னெண்டு வயசு வாசகர்"னு ஒரு லேபிள் இல்ல, தான் படிக்க ஆசைப்பட்டது மட்டும்தான் இருந்துச்சு.

கதை ஆரம்பம் அசட்டுத்தனமா இருக்கும். மூணு பேரு, ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பிங்க. ஃபோனி போன் பேராசைக்காரன், மேயர் எலெக்‌ஷனுக்கு நிக்கறேன்னு ஊரைக் கூட்டி ஏதோ பண்ணப்போய் ஊரே துரத்தி அடிக்குது. ஸ்மைலி போன் எதுக்கும் கவலைப்படாத ஜென்மம். நடுவுல மாட்டிக்கிட்ட நல்லவன் ஃபோன் போன். பாலைவனத்துல வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து மூணு பேரையும் பிரிச்சு விட்டுடுது, ஃபோன் போன் தனியா ஒரு பள்ளத்தாக்குல இறங்கறான். அங்க மனுஷங்க இருக்காங்க, தோர்ன்னு ஒரு பொண்ணு, மாட்டோட ஓட்டப்பந்தயம் ஓடி ஜெயிக்கற பென் பாட்டி, புதர்ல ஒளிஞ்சிருக்கற எலி ஜந்துங்க, சுருட்டு மாதிரி எதையோ புகைச்சுக்கிட்டு அசால்ட்டா நிக்கற ஒரு சிவப்பு டிராகன். முதல் நூறு பக்கத்துக்கு இது காமெடி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா, எப்ப மாறுச்சுன்னே தெரியாம, ஒரு போர்க் கதைக்குள்ள உக்காந்திருப்பீங்க.

இங்க படம் என்ன வேலை செய்யுதுன்னு சொல்லணும், ஏன்னா இதையே நாவலா எழுதியிருந்தா பாதி போயிருக்கும். ஸ்காட் மெக்ளவுட்னு ஒருத்தர் 1993ல காமிக்ஸைப் பத்தி காமிக்ஸாவே ஒரு புத்தகம் போட்டார், அதுல சொல்ற ஒரு விஷயம் இதுக்கு அப்படியே பொருந்தும்: கதாபாத்திரத்தை ரொம்ப சிம்பிளா, ரெண்டு புள்ளி ஒரு கோடுன்னு வரைஞ்சு, பின்னாடி இருக்கற காடு மலையை மட்டும் நுணுக்கமா வரைஞ்சா, படிக்கறவன் அந்தக் காலி முகத்துக்குள்ள தானே போய் உக்காந்துக்குவான், அந்த முகத்தை மாட்டிக்கிட்டு அந்த உலகத்துல நடப்பான். டின்டின்ல இதைப் பாக்கலாம். 'போன்'ல இன்னும் தூக்கல். ஃபோன் போனுக்கு வயசு என்ன? தெரியாது. பையனா பெரிய ஆளா? தோர்னைக் காதலிக்கறான், அவளுக்குக் கவிதை எழுதித் திணர்றான், அதே சமயம் குழந்தை மாதிரி குதிக்கறான். உங்க பொண்ணு அவனைத் தன் வயசுன்னு நினைப்பா, நீங்க உங்க வயசுன்னு நினைப்பீங்க, ரெண்டும் சரி. அவனைச் சுத்தி இருக்கற பாறையும் மரமும் மட்டும் நிஜம். ஓஹையோவுல ஹாக்கிங் ஹில்ஸ்னு ஒரு காட்டுப்பகுதி இருக்கு, குகை, அருவி, தொங்கற பாறைன்னு, அங்க 'ஓல்ட் மேன்ஸ் கேவ்'ங்கற குகை நிஜமாவே இருக்கு, கதையிலயும் அதே பேர்ல வருது. கால் பதிச்சு நடந்த இடத்தைத்தான் வரைஞ்சிருக்கார், அதனால டிராகன் வந்தாலும் நம்பத் தோணுது.

இன்னொண்ணு நேரம். ஆரம்பத்துல ஒரு சீன், குளிர்காலம் இந்தப் பக்கம் சட்டுனு வந்துடும்னு இலை மாதிரி இருக்கற டெட்ங்கற பூச்சி சொல்லியிருக்கும். சட்டுனுன்னா எவ்வளவு சட்டுனு? ஒரு பேனல்ல, அதாவது ஒரு படக் கட்டத்துல, வெறும் தரை, அடுத்த பேனல்ல மொத்தப் பனியும் தொபுக்கடீர்னு ஒரே குவியலா மேல விழுந்து கிடக்கு. நடுவுல ஒரு துளிகூடக் கிடையாது. சிரிப்பு ரெண்டு பேனலுக்கு நடுவுல இருக்கற வெள்ளை இடைவெளியில இருக்கு, அதைப் போடறது நம்ம மூளைதான். எட்டு வயசுக்கும் நாப்பது வயசுக்கும் இதுல ஒரு வித்தியாசமும் கிடையாது, படிப்பு வேண்டாம், ரெஃபரன்ஸ் தெரிய வேண்டாம். பயத்துக்கும் இதேதான். சினிமாவுல பேய் வந்தா அது வர்ற வேகத்துலதான் வரும், காமிக்ஸ்ல பயமா இருக்கற பேனலைக் கையால மறைச்சுக்கலாம், விரலிடுக்குல பாக்கலாம், பக்கத்தைத் திருப்பாம ரெண்டு நாள் அப்படியே வெச்சிருக்கலாம். எவ்வளவு பயப்படணும்ங்கற கன்ட்ரோல் குழந்தை கையில இருக்கு. பெரியவங்களுக்கும் அது தேவைப்படற நாள் உண்டு, என்ன, வெளிய சொல்லிக்க மாட்டோம்.

பயம்னதும் ஞாபகம் வருது. 'இதெல்லாம் குழந்தைக் கதை'ங்கற நினைப்பே ரொம்பப் பழசு இல்ல. ஜெர்மனியில கிரிம் சகோதரர்கள் 1812ல தேவதைக் கதைங்களோட முதல் தொகுதி போட்டப்ப அது பாதி ஆராய்ச்சிப் புத்தகம், பின்னாடி குறிப்பு எல்லாம் வெச்சு வந்துச்சு. அந்தப் பதிப்புல ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்றது சித்தி இல்ல, பெத்த அம்மா. ராப்பன்ஸெல் வெகுளியா "என் டிரெஸ் எல்லாம் ஏன் இறுக்கிப் பிடிக்குது"ன்னு கேக்கும், அதுலதான் கர்ப்பம்னு அவளைக் கோபுரத்துல அடைச்சு வெச்சவளுக்குத் தெரிய வரும். வாங்கிப் படிச்ச குடும்பங்கள் முகம் சுளிச்சதும் அடுத்தடுத்த பதிப்புல அம்மா சித்தி ஆயிட்டா, டிரெஸ் பேச்சு காணாமப் போச்சு, 1825ல 50 கதையை மட்டும் பொறுக்கி பசங்களுக்குன்னு சின்ன பதிப்பு வந்துச்சு. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதின டோல்கீன் 1939ல ஸ்காட்லாந்துல, செயின்ட் ஆண்ட்ரூஸ் யுனிவர்சிட்டியில ஒரு சொற்பொழிவுல இதையே வேற மாதிரி சொன்னார்: தேவதைக் கதைங்க குழந்தைங்க ரூமுக்குப் போனது குழந்தைங்களுக்கு ரொம்பப் பிடிச்சதால இல்ல, ஃபேஷன் போன பழைய நாற்காலியைப் பெரியவங்க அந்த ரூம்ல தூக்கிப் போடற மாதிரி இதையும் போட்டுட்டாங்கன்னு.

நம்ம பக்கமும் இதே கதைதான். அம்புலிமாமாவுல மாசாமாசம் வந்த விக்ரமாதித்தன் வேதாளம், சங்கர் வரைஞ்ச அந்தப் படம், தோள்ல பிணம், கையில கத்தி, அது காமிக்ஸ் இல்லதான், ஆனா வீட்டுல யார் முதல்ல படிக்கறதுங்கற சண்டை அதேதான். அந்த வேதாளக் கதைங்க நமக்குத் தெரிஞ்ச பழைய வடிவங்கள்ல ஒண்ணு கதாசரித்சாகரத்துல இருக்கு, 11ஆம் நூற்றாண்டுல காஷ்மீர்ல சோமதேவர் ராணி சூரியமதிக்காக எழுதினது. குழந்தைக்காக இல்ல, அரசியல்ல நொந்துபோயிருந்த ஒரு ராணிக்காக. வேதாளம் கேக்கற கேள்வி எல்லாத்தையும் பாருங்க, தலை மாத்தி ஒட்டின ரெண்டு ஆம்பளைல யார் புருஷன், இந்த ரேஞ்சுலதான் இருக்கும். பழைய கதைங்க தீந்து போனப்புறமும் அதே சட்டத்துக்குள்ள புதுசு புதுசா எழுதி பத்திரிகையை ஓட்டினாங்க, ஏன்னா வீட்டுல யாரும் விடல.

சரி, 'போன்'க்கு வர்றேன். பெரியவங்க தனியா என்ன பாக்கறாங்கன்னு கேப்பீங்க. எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேரும் பாக்கறது ஒண்ணேதான், ஆனா யார் பக்கம் நிக்கறோம்ங்கறது மாறுது. (இங்க கொஞ்சம் கதையை உடைக்கறேன், வேண்டாம்னா ரெண்டு பாரா தாண்டிடுங்க.) பென் பாட்டி ஒரு ரகசியத்தை வருஷக்கணக்கா மறைச்சு வெச்சிருக்கா. தோர்ன் சாதாரணப் பண்ணைப் பொண்ணு இல்ல, அவ அப்பா அம்மாவுக்கு என்ன ஆச்சு, அவளை ஏன் இந்தப் பள்ளத்தாக்குல கொண்டுவந்து ஒளிச்சு வளத்தாங்க, எல்லாம் பாட்டிக்குத் தெரியும். தோர்னுக்குக் கனவுல துண்டு துண்டா வருது, கடைசியில விஷயம் உடையறப்ப அவ பாட்டியைப் பாத்து கத்தறா. பன்னெண்டு வயசுல இதைப் படிச்சா தோர்ன் கத்தறது நூத்துக்கு நூறு நியாயம், இந்தப் பெரியவங்களே இப்படித்தான், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, எல்லாம் உன் நல்லதுக்குன்னுவாங்க. நாப்பதுல படிக்கறப்பவும் தோர்ன் பக்கம் நியாயம் குறையாது, ஆனா கண்ணு பாட்டி முகத்துல போய் நிக்கும். அந்தக் கிழவி ஒரு பேனல்ல ஒண்ணுமே பேசாம நிக்கறா. மறைச்சது தப்புன்னு தெரிஞ்சும், வேற எப்படி இந்தப் பொண்ணை உயிரோட வெச்சிருக்க முடியும்னு தெரியாம நிக்கற முகம். வீட்டுல குழந்தைகிட்ட எதையாவது மறைச்சு வெச்சிருக்கற யாருக்கும் (கடனோ, வியாதியோ) அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் தாண்ட முடியாது.

ஃபோனியும் அப்படித்தான். சின்னப் பசங்களுக்கு அவன் காமெடி வில்லன், மாட்டுப் பந்தயத்துல ஸ்மைலிக்கு மாட்டு வேஷம் போட்டு 'மர்ம மாடு'ன்னு இறக்கி ஊர்க்காரங்க பந்தயப் பணத்தை அமுக்கப் பாக்கறவன். கொஞ்சம் தள்ளிப் போனா அதே ஆளு, டிராகன் வருது டிராகன் வருதுன்னு ஊரைப் பயமுறுத்தி, நான்தான் டிராகனைக் கொல்ற வீரன், பொருளைக் கொண்டா நான் காப்பாத்தறேன்னு கடை விரிக்கறான். ஊரும் நம்புது. உண்மையான ஆபத்து எலி ஜந்துங்க பக்கத்துலேர்ந்து வந்துட்டிருக்கு, டிராகன் காக்கற பக்கம் நிக்குது, சனங்க டிராகனுக்கு எதிரா வேலி கட்டறாங்க. இதை அரசியல் நையாண்டின்னு ஸ்மித் எங்கயும் அடிக்கோடு போடல, எந்த ஊர் பேப்பரைப் படிச்சிட்டு வந்தாலும் நீங்களே அடிக்கோடு போட்டுக்குவீங்க.

'மோபி டிக்' ஜோக் ஒண்ணு திரும்பத் திரும்ப வரும். ஃபோன் போனுக்கு அந்த நாவல்னா உயிர், வாயைத் திறந்து அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே எதிர்ல இருக்கறவங்க தூங்கிடுவாங்க. நாவலைத் தெரிஞ்சவங்க கூடக் கொஞ்சம் சிரிப்பாங்க, ஆனா 'மோபி டிக்'னா என்னன்னே தெரியாத பசங்களும் சிரிக்கறாங்க, ஏன்னா தனக்குப் பிடிச்சதைச் சொல்லிக்கிட்டே போய் எதிராளியைத் தூங்க வைக்கற சித்தப்பா எல்லா வீட்டுலயும் ஒருத்தர் உண்டு. சொருகின ஜோக்குக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான், இதுல யாரையும் வெளிய நிறுத்தல.

இதுக்கு 10 ஐஸ்னர் விருது கிடைச்சுச்சு, காமிக்ஸ் உலகத்துல அதுதான் பெரிசு. அதே சமயம் அமெரிக்க நூலக சங்கம் 2013ஆம் வருஷத்துக்குப் போட்ட, அதிகமா எதிர்ப்பு வந்த புத்தகங்கள் பட்டியல்ல முதல் பத்துல இதுவும் ஒண்ணு. காரணம் வன்முறை, அரசியல் பார்வை, இனவெறி வரைக்கும் எழுதியிருக்காங்க. வன்முறைங்கறது பொய் இல்ல, பின்பாதியில ரத்தம் வரும், தோர்ன் கத்தியெடுத்து எலி ஜந்துங்களோட ராஜா கையை வெட்டுவா, சாவு உண்டு. ஆனா நான் கவனிச்ச வரைக்கும் பசங்க மிரள்றது ரத்தத்துல இல்ல, நம்பின ஆள் கைவிட்டுட்டுப் போற இடங்கள்ல. அதைப் புத்தகத்துலேர்ந்து எடுத்துட்டா மிச்சம் இருக்கறது மாட்டுப் பந்தயம் மட்டும்தான்.

எல்லா தேவதைக் கதை காமிக்ஸும் இப்படி ரெண்டு பேருக்கும் ஆகும்னு நினைச்சிடாதீங்க. பில் வில்லிங்ஹாம் எழுதின 'ஃபேபிள்ஸ்' 2002ல ஆரம்பிச்சது, ஸ்னோ ஒயிட், ஓநாய் எல்லாரும் ஊரை விட்டு ஓடி வந்து நியூயார்க்ல அகதியா வாழறாங்க. ஐடியா பிரமாதம், ஆனா அது பெரியவங்களுக்கு மட்டும், படுக்கையறையும் கொலையும் தாராளம், அட்டையைப் பாத்து பொண்ணுக்கு வாங்கிடாதீங்க. பிரெஞ்சுல 2009ல வந்த 'ஜோலி தெனேப்ர்' அதைவிட ஏமாத்தும், அட்டையில குட்டி குட்டி அழகு பொம்மைங்க, உள்ள அதுங்க குடியிருக்கறது காட்டுல செத்துக் கிடக்கற ஒரு சின்னப் பொண்ணோட உடம்புல. எனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம், ஆனா பூட்டி வைங்க.

ரெண்டு பேருக்கும் ஆகறதுல 'போன்'க்கு அப்புறம் நான் சொல்றது 'தி மேஜிக் ஃபிஷ்', 2020, டிரங் லே குயென். அமெரிக்காவுல வளர்ற வியட்நாமியப் பையன், அவனுக்குத் தன்னைப் பத்தி அம்மாகிட்ட சொல்ல ஒரு விஷயம் இருக்கு, அம்மாவுக்கு இங்கிலீஷ் தடுமாறும், பையனுக்கு வியட்நாமிய மொழி பத்தாது. அதனால ரெண்டு பேரும் நூலகத்துலேர்ந்து தேவதைக் கதைங்க எடுத்துட்டு வந்து ஒருத்தருக்கொருத்தர் படிச்சுக் காட்டறாங்க. பக்கமே மூணு நிறத்துல போகும், இப்ப நடக்கறது சிவப்பு, அம்மாவோட பழைய வாழ்க்கை மஞ்சள், கதைக்குள்ள கதை நீலம். குட்டிக் கடல்கன்னி கதையைச் சொல்லியே அம்மா பதில் சொல்ற இடம் ஒண்ணு வரும். நம்ம ஆளுங்க வெளிநாட்டுல பிள்ளை வளக்கறவங்க இதைப் படிச்சா நடுவுல புத்தகத்தை மூடி வெச்சிட்டு ஒரு நடை நடந்துட்டு வரணும்.

வாங்கற விஷயம். 'போன்' ஒரே தொகுதியா கறுப்பு வெள்ளையில கிடைக்குது, தலையணை சைஸ், படுத்துக்கிட்டு படிச்சா மூஞ்சில விழும். ஸ்மித்தோட பிரஷ் கோடு, ராத்திரி சீன்கள்ல அந்த அடர்கறுப்பு, அதெல்லாம் அதுலதான் முழுசாத் தெரியும், உங்களுக்கு அதை வாங்கிக்கங்க. பொண்ணுக்கு ஸ்காலஸ்டிக் கலர்ப் பதிப்பு, 9 தொகுதி, ஒவ்வொண்ணா வாங்கலாம், கலர்ல முகபாவம் பசங்களுக்குச் சீக்கிரம் பிடிபடுது. எட்டு ஒன்பது வயசுல ஆரம்பிக்கலாம், நாலாவது தொகுதிக்கு மேல இருட்டாகும், கூட உக்காந்து படிங்க. பாட்டியோட இளமைக் காலத்தை வெச்சு 'ரோஸ்'னு ஒண்ணு இருக்கு, சார்ல்ஸ் வெஸ் பெயிண்டிங் மாதிரி வரைஞ்சது, அதை முன்கதைதானேன்னு முதல்ல குடுத்துடாதீங்க, கதையில இருக்கற முடிச்சு எல்லாம் அவிழ்ந்து போயிடும், தவிர அது இன்னும் கொடூரம். ஒன்பதும் முடிச்சப்புறம் குடுங்க. முக்கியமா, நீங்க ராத்திரி முந்திக்கிட்டுப் படிச்சிட்டீங்கங்கறதுக்காகக் காலையில தோசை சாப்பிடறப்ப பாட்டி விஷயத்தை உளறிடாதீங்க.